குடும்பப் பொறுப்பும் தொழிலில் மனநிறைவும்: பழவேற்காட்டுக் குப்பங்கள் காட்டும் உண்மை

கிராம அபிவிருத்தி என்றவுடன் சாலை, கிணறு, பள்ளிக்கூடம், விளைச்சல் ஆகியவையே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. இவை யாவும் அவசியமே. ஆயினும், கிராமத்து மக்கள் தாம் செய்யும் தொழிலில் மனநிறைவு பெற்றிருக்கிறார்களா என்னும் கேள்வியை நாம் அதிகமாகக் கேட்பதில்லை. மனநிறைவு என்பது அவரவர் சொந்த விஷயம். அதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது சரியன்று. தொழிலில் மனம் ஒட்டாதவன் அதைத் தன் மகனுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. தன் படகையும் வலையையும் நிலத்தையும் பேணுவதில்லை. முதல் வாய்ப்பு கிடைத்ததும் ஊரை விட்டுப் போய்விடுகிறான். அத்தகையோர் மிகுந்த கிராமத்தில் எந்தத் திட்டமும் வேர் கொள்வது கடினம்.

வருவாய் பெருகினால் மனநிறைவும் தானே பெருகும் என்பது பொதுவான கருத்து. அதில் பாதி உண்மையே உண்டு. ஒருவர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அங்கே அவருக்காகக் காத்திருக்கும் பொறுப்பு எத்தகையது, அதை அவரோடு பகிர்ந்துகொள்வார் உண்டா, இல்லையா என்பதும் மனநிறைவை நிர்ணயிக்கிறது. இப்பொறுப்பு ஆணையும் பெண்ணையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இவ்வேறுபாடு கண்ணாடியில் காண்பதுபோல் தெளிவாகத் தெரிகிறது. ஆதலின் அவற்றை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வோம்.

ஏரியும் அதன் மக்களும்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்கோடிப் பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆரணியாறு இதில் வந்து கலக்கிறது. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. நன்னீரும் கடல்நீரும் சேரும் இடமாதலால் இறால், நண்டு, மடவை முதலியவை இங்கே வளர்கின்றன.

ஏரியை நம்பி வாழ்வோர் ஒரே வகையினர் அல்லர். பரம்பரை மீனவர் குப்பங்கள் உண்டு. இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் இடும் இருளர் குடும்பங்கள் உண்டு. பனை ஓலையில் கூடையும் பெட்டியும் முடையும் முஸ்லிம் பெண்கள் உண்டு. ஏரியின் வளமோ நிலையானதன்று. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் மீன்வரத்து குறைகிறது. மழை பொய்த்தால் உப்பு ஏறுகிறது; மழை மிகுந்தால் நீர் இனித்து இறால் வெளியேறுகிறது. தெற்கே அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் தோன்றிய பின்னர் இளைஞர்கள் ஒப்பந்த வேலையையும் நாடத் தொடங்கினர்.

பாடு என்னும் முறை

முகத்துவாரத்தை அடுத்த, இறால் மிகுந்த இடங்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் வலை இறக்கினால் சண்டையே மிஞ்சும். ஆதலின் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய குப்பங்களின் மீனவர்கள் முன்னோர் காலந்தொட்டு முறை வைத்து அவ்விடங்களைப் பகிர்ந்துகொண்டு வந்துள்ளனர். இதற்குப் ‘பாடு’ என்று பெயர். ஏரிப் பாசனத்தில் கடைமடை நிலத்துக்கும் தண்ணீர் கிடைக்கும்படி முறை வைத்து மடை திறக்கும் வழக்கத்தை நம் விவசாயிகள் நன்கு அறிவார்கள். அதே நியாயம் நீரின்மேல் நடப்பதாகக் கொள்ளலாம்.

இம்முறையில் நாம் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. கடலோரக் குப்பங்களில் மணமான ஆடவன் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிடப்படுகிறான். ஊர் வரி அவன் பெயரில் விழுகிறது. ஊர்க்கூட்டத்தில் அவனுக்கு இடம் கிடைக்கிறது. தொழிலில் பங்கும் அவன் பெயரில் வருகிறது. அதாவது, குடும்பப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதனாலேயே ஆணுக்கு ஊரிலும் தொழிலிலும் அந்தஸ்து ஏற்படுகிறது. அதோடு, முறை உள்ள நாளில் உழைப்பும் முறை இல்லாத நாளில் வலையைச் சீர் செய்யவும், வேறு இடத்தில் தொழில் பார்க்கவும், ஓய்வு கொள்ளவும் அவகாசமும் அவனுக்குக் கிடைக்கின்றன.

அவன் கைப்பிடித்த பெண்ணின் நிலை என்ன? அதே திருமணத்தினால் அவளுக்கும் பொறுப்புகள் பெருகுகின்றன. ஆனால் அவள் தலைக்கட்டு ஆவதில்லை. அவள் உழைப்பு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வலைக்கு முறை உண்டு. அடுப்புக்கு முறை இல்லை. நாம் கூற விரும்பும் விஷயத்தின் சாரம் இதுதான்.

ஆணின் சுமை

இதனால் ஆணின் பாடு இலேசானது என்று யாரும் கருத வேண்டாம். குடும்பத்தைக் காப்பாற்றுவது ஆணின் கடமை என்று ஊரும் உலகமும் அவன் தோளில் ஏற்றி வைத்திருக்கின்றன. ஃபைபர் படகுக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் வாங்கிய கடன், வியாபாரியிடம் பெற்ற முன்பணம், பிள்ளைகளின் படிப்பு, பெண்ணின் திருமணம் ஆகிய யாவும் அவன் வலையில் விழும் இறாலை எதிர்பார்த்து நிற்கின்றன. முன்பணம் வாங்கியவன் விலை பேசும் உரிமையை இழக்கிறான். வலை நிறைந்த நாளிலும் அவன் மனம் நிறையாததற்கு இது ஒரு காரணம்.

மீனவர் தம் தொழிலை ஏன் விரும்புகின்றனர் என்பதை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையோரத்தில் ரிச்சர்டு போல்நாக், ஜான் போகி என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் ஆராய்ந்தார்கள். அவர்கள் மனநிறைவை மூன்று கூறுகளாகப் பிரித்தனர். வருவாயும் பாதுகாப்பும் சேர்ந்தது முதற்கூறு. உடற்களைப்பு, வீட்டைப் பிரிந்திருக்கும் காலம் போன்றவை இரண்டாவது கூறு. தனக்குத் தானே எஜமானன் என்ற பெருமையும் துணிச்சலுக்கு இடமுள்ள வாழ்வும் மூன்றாவது கூறு. நம் குப்பத்து மீனவரிடமும் இம்மூன்றாவது கூறு மிக வலிமையாக உள்ளது. நீரோட்டத்தையும் காற்றையும் பார்த்தே வலை இறக்கும் நுட்பம் அவனுக்குப் பெருமை தருகிறது. ஆகவேதான், மாதச் சம்பளம் தரும் ஒப்பந்த வேலைக்குப் போனவர்களிலும் சிலர் ஏரிக்குத் திரும்பி வருகின்றனர்.

பழவேற்காட்டைப் பற்றி சாரா கூல்தார்ட் என்பவர் எழுதி 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இங்கே நினைக்கத்தக்கது. மாறிவரும் நிலைமைக்கு ஏற்ப மீனவர் தம்மை மாற்றிக்கொள்வது பணத்தை மட்டும் பொறுத்ததன்று. பாடு போன்ற சமூகக் கட்டுகளும் அதில் பங்கு கொள்கின்றன என்பது அவ்வாய்வு காட்டும் உண்மை. உரிமை உள்ளவனுக்கு அவ்வுரிமையே பற்றுக்கோடு. அதுவே அவனை அசையவிடாத நங்கூரமும் ஆகிறது. குடும்பத்தின் தேவை அவனை வெளியே இழுக்கிறது. குடும்பத்தின் பெயரால் வந்த அந்தஸ்து அவனை உள்ளே நிறுத்துகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டவன் மனச்சோர்வு கொள்வதும், அச்சோர்வை மதுவில் கரைக்க முயன்று இருக்கிற சுமையை இரட்டிப்பாக்குவதும் நாம் காணாதவை அல்ல.

பெண்ணின் சுமை

குப்பத்தில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். படகு கரை சேருமுன் அவள் எழ வேண்டும். வீட்டைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து, உலை வைத்துவிட்டு ஏலத்துறைக்குப் போகிறாள். தண்டல்காரரிடம் வாங்கிய பணத்தில் மீனை ஏலம் எடுக்கிறாள். ஐஸ் கட்டியும் கூடையும் சுமந்து பொன்னேரிக்கோ வேறு சந்தைக்கோ பேருந்தில் போகிறாள். வெயிலில் உட்கார்ந்து விற்கிறாள். மீனோ, நேரம் ஆக ஆக விலை இறங்கும் சரக்கு. பள்ளி விடும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கவலையால் மிச்சமுள்ளதைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறாள். விற்காததை உப்பிட்டுக் கருவாடாக்குகிறாள். பின்னர் மறுபடியும் தண்ணீர், அடுப்பு, துணி, பிள்ளைகள், வயதான மாமியார்.

மீன் விலை குறைந்ததற்குக் காரணம் சந்தை மட்டுமன்று என்பதை இங்கே கவனியுங்கள். வீட்டில் காத்திருக்கும் பொறுப்பே அவளைக் குறைந்த விலைக்கு விற்கச் செய்தது. அவ்விழப்பு எக்கணக்கிலும் எழுதப்படுவதில்லை. நடவுக்குப் போகும் விவசாயக் கூலிப் பெண் பால்குடிக் குழந்தையை வரப்பில் கிடத்திவிட்டு நாற்று நடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. அவள் கை சேற்றிலும் காது வரப்பிலும் இருக்கின்றன. அத்தகைய வேலையில் மனநிறைவு எப்படி உண்டாகும்?

இது ஓரிரு ஊர்களின் நிலை அன்று. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மக்கள் நேரத்தைச் செலவிடும் விதத்தைக் கணக்கெடுத்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிட்டாள். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடங்கள். அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே அத்தகைய வேலையில் கைவைத்தனர். பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அதைச் செய்தனர். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வீட்டில் உழைத்த பின்னரும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறவளையே நாம் ‘வீட்டில் சும்மா இருப்பவள்’ என்று சில சமயம் படிவங்களில் எழுதி விடுகிறோம்.

‘போதும்’ என்னும் சொல்லின் பொருள்

பெண்களிடம் தொழிலைப் பற்றி விசாரித்தால், ‘ஏதோ ஓடுகிறது, ஐயா, போதும்’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இதைக் கேட்டுவிட்டு அவர்களுக்குக் குறையொன்றுமில்லை என்று நாம் முடிவு செய்தல் ஆகாது. பிரிட்டனில் ஆண்டுரூ கிளார்க் என்னும் பொருளாதார அறிஞர் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆண்களைவிடக் குறைந்த ஊதியமும் வாய்ப்பும் பெற்ற பெண்கள், ஆண்களைவிட அதிக மனநிறைவு இருப்பதாகக் கூறியதை அவர் கண்டார். தொழிலிடமிருந்து பெண்கள் எதிர்பார்ப்பது குறைவாக இருந்ததே இதற்கு அவர் தந்த விளக்கம். குறைவாக எதிர்பார்க்கப் பழக்கப்பட்டவருக்குக் குறைவாகக் கிடைப்பதும் போதுமானதாகத் தோன்றுகிறது.

பழவேற்காட்டுப் பனை ஓலைத் தொழிலும் இதனை உணர்த்துகிறது. வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, குழந்தையைப் பார்த்துக்கொண்டு, சமையலின் இடையிடையே செய்யக்கூடிய வேலை அது. கைத்திறன் மிகுந்த வேலை. செய்பவருக்குப் பெருமையும் தருவது. ஆயினும் பலர் அதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வருவாய் அன்று, வீட்டை விட்டு நகர முடியாமையே. நகர முடியாதவர் விலை பேசவும் சந்தைக்குப் போக முடியாது. ஆகவே வீட்டுத் தொழிலுக்குக் கூட்டுறவு முறையில் நல்ல விற்பனை ஏற்பாடு இன்றியமையாதது. கைத்தொழிலை வளர்க்கிறோம் என்று கூறிவிட்டுச் சரக்கை இடைத்தரகர் கையில் விடுவது அரைகுறை வேலையாகும்.

அரசின் திட்டங்கள் காட்டும் வழி

குடும்பப் பொறுப்பு உள்ள ஆண், பெண் தொழிலாளர் இருபாலாருக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1981-ஆம் ஆண்டில் 156-ஆவது உடன்படிக்கையை ஏற்றது. பொறுப்பு பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பது அதன் அடிப்படை. நம் மாநிலத்திலும் இக்கருத்தை ஒட்டிய ஏற்பாடுகள் சில உள்ளன.

மீன் குறைந்த காலத்துக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் ரூ.1,500 சேமித்தால் அரசின் பங்கு சேர்ந்து ரூ.4,500 ஆகத் திரும்பக் கிடைக்கும் வகையில் ஏற்பாடு செய்யப்பட்டது. இதே அளவில் மீனவ மகளிருக்கெனத் தனித்திட்டமும் அமைந்தது. தொகை சிறிது என்று கருதலாம். ஆனால் கணவன் பெயரில் அன்றித் தன் பெயரில் பெண்ணைத் தொழிலாளியாக ஏற்றுக்கொண்டதே அதன் பெருமை. தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபெற்றது. விடியற்காலையில் ஏலத்துறைக்குப் போக வேண்டிய தாய்க்கு அது ஒரு வேளைச் சமையலின் கவலையைக் குறைத்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் ஏற்பட்டதும் கூடை சுமப்போருக்குப் பேருதவி.

எனினும் சலுகை மட்டும் போதாது, மரியாதையும் வேண்டும். 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், மீன் வாடை அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். செய்தி பரவியதும் பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஒருவருடைய தொழிலின் வாடையை இகழ்ந்துவிட்டு அவரிடம் தொழிலில் மனநிறைவை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

மேலே கூறியவற்றிலிருந்து பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மேற்கொள்ளத்தக்க காரியங்களைக் கீழே தருகிறோம். இவற்றில் பெரும்பாலானவை பெருஞ்செலவு கோருவன அல்ல.

1. நேரக் கணக்கு எடுத்தல். ஊரில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, கணவனும் மனைவியும் ஒரு நாளில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகின்றனர் என்று இரண்டு பத்திகளில் எழுதுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு அதனைக் கிராம சபையில் படியுங்கள். பிரசங்கத்தைவிட அத்தாள் அதிகம் பேசும்.

2. தண்ணீர். உவர்நீர் சூழ்ந்த குப்பங்களில் குடிநீரே பெண்ணின் நேரத்தை அதிகம் விழுங்குகிறது. குழாய் இருந்தால் மட்டும் போதாது. நீர் வரும் நேரமும் முக்கியம். ஏலம் நடக்கும் வேளையில் நீர் விட்டால், தொழிலா தண்ணீரா என்று அவள் தேர்ந்தெடுக்க வேண்டியதாகிறது. நீர் விடும் நேரத்தை மாற்றுவதற்குத் தேவையானது ஒரு தீர்மானம் மட்டுமே.

3. குழந்தைகள். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் நம் ஊர்களில் உள்ளன. அவற்றின் நேரம் ஊரின் தொழில் நேரத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் ஊதியம் தர வகை செய்தது. அதே நியாயத்தை ஏலத்துறையிலும் நடவுக் காலத்திலும் சுய உதவிக் குழுவின் மூலம் கையாளலாம்.

4. மீன் விற்கும் இடம். நிழற்கூரை, நல்ல தண்ணீர், கழிப்பிடம், ஐஸ் வைக்கும் பெட்டி ஆகிய நான்கும் இருந்தால் பெண் அவசரப்பட்டு விலையை இறக்க வேண்டியதில்லை. கழிப்பிடம் இல்லாமையால் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமலே விற்போர் பலர் என்பதை ஆண் அங்கத்தினர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

5. கடன். தண்டல், முன்பணம் இரண்டும் மனநிறைவை அரிப்பவை. கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு ஆகியவற்றின் மூலம் கிடைக்கும் கடனுக்குக் கணவன், மனைவி இருவரையும் ஒருங்கே அழைத்து விளக்குங்கள். கடனை அறியாத மனைவியும், குடும்பச் செலவை அறியாத கணவனும் ஒருவரையொருவர் குறைகூறியே காலம் கழிப்பர்.

6. பதிவு. 2007-ஆம் ஆண்டில் மீனவர் நல வாரியத்துக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. மீன்பிடித்தலோடு அதன் சார்புத் தொழில்களில் ஈடுபட்டோருக்கும் அது உரியது. மீன் விற்கும் பெண்களும் கருவாடு காய வைப்போரும் தத்தம் பெயரில் பதிவு செய்துள்ளனரா என்று வீடு வீடாகப் பாருங்கள்.

இவற்றோடு வீட்டிற்குள் நடக்க வேண்டிய மாற்றமும் உண்டு. அதை எந்தத் தீர்மானமும் கொண்டுவர முடியாது. கிழக்குக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. கடல் ஓய்வு கொள்வதால் மீன் பெருகும் என்பதே இத்தடையின் நோக்கம். மீனுக்கு அளிக்கும் ஓய்வை வீட்டுப் பெண்ணுக்கும் அளிக்கலாகாதா? பாட்டு முறையை ஏற்படுத்தி, சண்டையின்றிப் பங்கிட்டு வாழ்ந்த மக்கள், வீட்டு வேலைக்கும் ஒரு முறை வைப்பது இயலாத காரியம் அன்று. முறை இல்லாத நாளில் கணவன் தண்ணீர் கொண்டுவந்தால், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டால், அவன் மதிப்பு குறைந்துவிடாது. அன்று அவன் மனைவி மீனை நியாயமான விலைக்கு விற்றுவிட்டு வருவாள். அந்த இலாபம் அவன் கடனையும் சேர்த்தே குறைக்கும்.

நமது மாநிலத்தில் 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. கிராம சபையும் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்து கூடும் சபையில் சாலை, விளக்கு ஆகியவற்றோடு, தண்ணீர் விடும் நேரத்தையும் ஏலத்துறைக் கழிப்பிடத்தையும் பொருளாக வைத்துப் பேசுங்கள். சபை கூடும் நேரமும் பெண்கள் வரக்கூடிய நேரமாக இருக்கட்டும். மனநிறைவுள்ள கைகளே படகையும் ஏரையும் நெடுங்காலம் பற்றி நிற்கும்.